ஆர்பாஷ் போட்டும் ஏழு பேருக்கு ஒரே எழுத்துப்பிழை: ஓட்டை எங்கே?

லேப்மேடம்:

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேபுக்கு நான் பொறுப்பு. சர்வர் ஒன்றுதான், உபுண்டு 22.04. மாணவர்கள் விண்டோஸ் கணினிகளிலிருந்து புட்டி (தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் இணைப்பில் சர்வருக்குக் கட்டளை அடிக்க உதவும் மென்பொருள்) வழியாக உள்ளே வருவார்கள், ஒரு பேட்சுக்கு 30 பேர். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். போன வெள்ளிக்கிழமை மாடல் பிராக்டிகல் வைத்தோம். அதில் நடந்ததைத்தான் கேட்க வந்தேன்.

முதலில் போன வருடக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எல்லாருடைய ஹோம் டைரக்டரியும் 755 அனுமதியில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடந்தது. ஒரு பையனின் விடைக் கோப்பைத் திறந்தால் மொத்தமே ஒரு வரி. ஹேஷ் இன்க்ளூட் போட்டு, பக்கத்து சீட்டுப் பெண்ணின் சி கோப்பு இருக்கும் இடத்தை முழுப் பாதையோடு கொடுத்திருந்தான். கம்பைல் ஆனது, ஓடியது, அவுட்புட்டும் சரி. கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வருடம் விடக்கூடாது என்று ஹோம் எல்லாவற்றையும் 700 ஆக்கினேன், அதாவது உரியவர் மட்டும் திறக்கலாம். லாகின் ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமை, ஆர்பாஷ் என்ற கட்டுப்பாட்டு ஷெல்லாக மாற்றினேன். கட்டளைகளை ஷெல் தேடும் பாத் மாறியில் ஒரே ஒரு டைரக்டரி, அதற்குள் விஐ (எடிட்டர்), ஜிசிசி (சி கம்பைலர்), எல்எஸ், கேட், ஆர்எம் (கோப்பை அழிப்பது) ஆகியவற்றுக்கும் ஜிசிசி உள்ளே கூப்பிடும் துணை நிரல்களுக்கும் மட்டும் சிம்லிங்க் (குறுக்குவழி). லாகின் ஆனதும் படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்பை ரூட் (அட்மின்) பெயருக்கு மாற்றினேன்.

சோதித்துப் பார்த்த அன்றே ஒரு முட்டல். ஸ்லாஷ் உள்ள எந்தக் கட்டளையும் ஆர்பாஷில் ஓடாது. அப்புறம் டாட் ஸ்லாஷ் ஏ டாட் அவுட்டை எப்படி ஓட்டுவது? எழுதலாம், கம்பைல் பண்ணலாம், ஓட்ட மட்டும் முடியாது. பந்தியில் உட்காரவைத்து இலையைப் போட்டுவிட்டுச் சாதம் போடாத கதை. அதனால் 'ரன்' என்று இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதே டைரக்டரியில் வைத்தேன். ஏ டாட் அவுட்டை ஓட்டுவதைத் தவிர அது வேறு எதுவும் செய்யாது.

தேர்வுக் கேள்வி, ஒற்றைப்படை சீட்டுகளுக்கு ரவுண்ட் ராபின் (ப்ராசஸ்களுக்கு மாறிமாறி நேரம் கொடுக்கும் முறை), இரட்டைப்படைக்கு பேங்கர்ஸ் அல்காரிதம் (டெட்லாக் தவிர்க்கும் முறை). போன்கள் வாசலில் ட்ரேயில். இன்டர்நெட் கேபிளை சுவிட்சிலிருந்தே உருவிவிட்டோம். நானும் இன்னொரு மேடமும் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

திருத்த உட்கார்ந்தால், ரவுண்ட் ராபின் எழுதிய 15 பேரில் 7 பேருக்கு 'ஆவரேஜ் வெயிட்டிங் டைம்' என்ற வரியில், வெயிட்டிங் ஸ்பெல்லிங்கில் 'ஐ' என்ற எழுத்தைக் காணோம். ஏழு பேருக்கும் அதே 'ஐ'. வேரியபிள் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், இன்டென்ட் மாற்றியிருக்கிறார்கள், ஒரு பெண் அழகாக கமெண்ட் வேறு எழுதியிருக்கிறாள். அந்த ஒரு எழுத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இல்லை. சீட் எண்கள் 3, 9, 11, 17, 19, 25, 29.

டெம்ப் டைரக்டரியில் எதுவும் இல்லை. ஹிஸ்டரியில் விஐ, ஜிசிசி, ரன், ஆர்எம் தவிர எதுவும் இல்லை. சர்வரை இன்னும் ரீபூட் செய்யவில்லை. பட்டியலில் இருந்து எந்தக் கட்டளையை எடுத்தால் இது நிற்கும்?


கன்சோல்தாசன்:

ஜிசிசியை எடுங்கள் மேடம். எடுக்க முடியாது, இல்லையா? சிக்கல் அங்கேதான்.

ஆர்பாஷ் பார்ப்பது தன் பிராம்ப்டில் அடிக்கும் வரியை மட்டும். சிடி கூடாது, பாத்தையும் ஷெல் மாறியையும் தொடக்கூடாது, அவுட்புட்டைக் கோப்புக்குத் திருப்பக்கூடாது, எக்ஸெக் கூடாது, கட்டளையில் ஸ்லாஷ் கூடாது. முக்கியமாக இவ்வளவுதான் அதன் கண்டிப்பு. அது கிளப்பிவிட்ட புரோகிராம் உள்ளே போய் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. கெர்னல் கண்ணுக்கு உங்கள் மாணவர் மற்றவர்களைப் போல ஒரு சாதாரண யூசர்தான்.

நீங்கள் கொடுத்த ஐந்து கட்டளைகளை வைத்தே வெளியே வர எத்தனை வழி இருக்கிறது பாருங்கள். விஐக்குள் ஷெல் என்ற செட்டிங்கை உண்மையான பாஷின் முழுப் பாதைக்கு மாற்றிவிட்டு, கோலன் ஷெல் என்று அடித்தால் வந்துவிடும் முழு ஷெல். ஜிசிசிக்கு ராப்பர் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. கம்பைலரின் உள்வேலையை எந்த புரோகிராம் வழியாக நடத்த வேண்டும் என்று கேட்கும் ஆப்ஷன் அது. அங்கே ஷெல்லின் பெயரைக் கொடுத்தால் ஒரு வரி சி கூட எழுத வேண்டாம். எழுதத் தெரிந்தவர்களுக்கு, சி-யிலிருந்தே ஷெல் கட்டளையை ஓட்டும் சிஸ்டம் ஃபங்ஷன் இருக்கவே இருக்கிறது. உங்கள் 'ரன்' ஸ்கிரிப்ட் அதைக் கேள்வி கேட்காமல் ஓட்டிவிடும். ஸ்கிரிப்டை ஓட்ட எழும் ஷெல்லுக்குக் கட்டுப்பாடு கிடையாது என்று பாஷ் மேனுவலே சொல்கிறது.

உள்ளே வரும்போதே தப்பிக்கவும் வழி உண்டு. புட்டியின் எஸ்எஸ்எச் பக்கத்தில் ரிமோட் கமாண்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பாஷ், நோப்ரொஃபைல் என்று எழுதிவிட்டு லாகின் ஆனால், நீங்கள் பாத்தைச் சுருக்கி வைத்த ப்ரொஃபைலை யாரும் படிக்கவே மாட்டார்கள். இன்னொன்று, ப்ரொஃபைல் ரூட் பெயரில் இருந்து என்ன பயன்? அது இருக்கும் ஃபோல்டர் மாணவருடையது. அழிக்க, பெயர் மாற்ற ஃபோல்டரின் அனுமதிதான் கணக்கு, கோப்பினுடையது இல்லை. ஆர்எம் வேறு கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் வெளியே வந்தது எப்படி என்பதை விட, ஏழு பேரும் எங்கே சந்தித்தார்கள் என்று தேடுங்கள். டெம்ப் காலி என்றால் வார் டெம்ப் பார்த்தீர்களா? தேவ் கீழே இருக்கும் எஸ்எச்எம்? இரண்டிலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். 127.0.0.1-ல் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) ஒரு போர்ட் திறந்து ஒருவர் காத்திருந்தால், அதே சர்வரில் இருக்கும் எல்லாருக்கும் அது எட்டும். நீங்கள் உருவிய கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.


பின்பெஞ்ச்2016:

மேடம், படித்து முடித்து வேலைக்கும் வந்தாயிற்று, இனி டிகிரியைத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கன்சோல்தாசன் அண்ணன் சொன்ன எதுவும் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. ஷெல்லை விட்டு வெளியேறவே இல்லை என்பது என் கணிப்பு. ஹிஸ்டரியில் விஐ, ஜிசிசி, ரன், ஆர்எம் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்களே, வேலை முழுக்க அதிலேயே முடிந்திருக்கும். உங்கள் லேப் ரெக்கார்டில் மெசேஜ் க்யூ (ஒரு புரோகிராம் போட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் வரிசை) புரோகிராம் இருக்கும் பாருங்கள், அதில் கீ என்ன எண்?

எங்களுக்கு 1234. எங்களுக்கு முந்தைய பேட்சுக்கும் 1234. அனுமதி 0666, அதாவது யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் முடிப்பவன் தன் சி கோப்பைத் திறந்து படித்து, அப்படியே மெசேஜாக க்யூவில் போடுவான். 15 வரிகூட இருக்காது. மற்றவன் ரிசீவரை எழுதி ஓட்டினால் வந்த மெசேஜ் அவன் ஹோமில் ஒரு கோப்பாக விழும். கோப்பில் எழுதுவது புரோகிராம், ஷெல் இல்லை, அதனால் ஆர்பாஷின் தடை அங்கே செல்லாது. அப்புறம் ரிசீவரை ஆர்எம் பண்ணிவிட்டால் தடயம் போச்சு. மேற்பார்வைக்கு வருபவருக்கும் சந்தேகம் வராது. திரையில் தெரிவது சிலபஸில் உள்ள சி புரோகிராம்தானே!

டீஃபால்ட்டில் ஒரு மெசேஜ் 8,192 பைட் வரை போகும், ஒரு க்யூ 16,384 பைட் வரை தாங்கும். லேப் புரோகிராமுக்கு அது கல்யாண மண்டபம்.

முக்கியமான விஷயம், புரோகிராம் முடிந்தாலும் க்யூ சாகாது. யாராவது நீக்க வேண்டும், இல்லை சர்வர் ரீபூட் ஆக வேண்டும். லாகவுட் ஆனதும் க்யூவை அழிக்கும் ரிமூவ்ஐபிசி அமைப்பு உங்கள் சர்வரில் அணைந்திருந்தால் இன்னும் அங்கேயே இருக்கும். நீங்கள் ரீபூட் செய்யவில்லை என்கிறீர்கள். ரூட்டாக ஐபிசிஎஸ், ஹைஃபன் க்யூ என்று அடித்து, மிச்சமிருக்கும் க்யூக்களின் பட்டியலைப் பாருங்கள்.


லேப்மேடம்:

பார்த்தேன் தம்பி.

ஒரே ஒரு வரி இருந்தது. கீ என்ற இடத்தில் நாலு டி இரண்டு என்று முடியும் ஹெக்ஸ் எண். கால்குலேட்டரில் போட்டேன், 1234. அனுமதி 666. உரிமையாளர் சீட் 17. பாக்கியுள்ள மெசேஜ் ஒன்று, 1,742 பைட். நேரம் காட்டும் ஆப்ஷனைப் போட்டால் கடைசியாக அனுப்பியது காலை 10:52 என்று வந்தது. அந்த நேரத்தில்தான் எங்களுக்கு டீ வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, எனக்குச் சர்க்கரை இல்லாமல் கேட்டிருந்தேன், போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அந்த மெசேஜில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்க்க வேண்டுமே. என் ரெக்கார்டில் உள்ள ரிசீவரையே ரூட்டாக ஓட்டினேன். திரையில் ரவுண்ட் ராபின் வந்து விழுந்தது. 'ஐ' இல்லாத வெயிட்டிங்கோடு.

சீட் 17 யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் மெசேஜ் க்யூ நடத்தியபோது, "மேடம், ப்ராசஸ் முடிஞ்சதும் க்யூவும் போயிடுமா?" என்று கேட்டது அதே பிள்ளைதான். "குட் கொஸ்டின்" என்று நான் வகுப்பு முன்னால் பாராட்டினேன்.

இப்போது என் கேள்வி மாறிவிட்டது. மெசேஜ் க்யூவை மூட முடியாது, பல்கலைக்கழகத் தேர்வில் அதுவே ஒரு கேள்வியாக வரலாம். ஷேர்டு மெமரி, செமஃபோர் எல்லாம் அப்படித்தான். பாடத்தை வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் நிறுத்த வழி உண்டா?


கன்சோல்தாசன்:

தம்பிக்கு ஒரு கும்பிடு. நான் ஷெல்லையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

வழி உண்டு மேடம். க்யூவை மூட வேண்டாம், ஆளுக்கொரு க்யூ உலகம் கொடுத்துவிடலாம். லினக்ஸில் அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். ஐபிசி நேம்ஸ்பேஸைப் பிரித்தால் 30 பேரும் 1234 என்றே போடலாம், ஒருவரின் 1234 இன்னொருவருக்குத் தெரியாது. நெட்வொர்க் நேம்ஸ்பேஸைப் பிரித்தால் 127.0.0.1 ஆளுக்கொன்று. பிஐடி நேம்ஸ்பேஸைப் பிரித்தால் பிஎஸ் அடித்தாலும் அடுத்தவர் ப்ராசஸ் தெரியாது. புரோகிராமின் ஆர்குமென்டில் விடையை எழுதிக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. எஸ்எஸ்எச் இணைப்பு இதனால் அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இணைப்பைப் பிடித்திருப்பது வெளியே உள்ள எஸ்எஸ்எச்டி (சர்வரின் எஸ்எஸ்எச் சேவை), உள்ளே இருப்பது வெறும் டெர்மினல்.

கையால் செய்தால் வேலை அதிகம். பபிள்ராப் என்ற சிறிய கருவி இதையெல்லாம் ஒரே கட்டளையில் செய்துவிடும். யூஎஸ்ஆர், ஈடிசி இரண்டையும் படிக்க மட்டும் கொடுங்கள். டெம்புக்குப் புதிதாக ஒரு டெம்ப்எஃப்எஸ் (மெமரியில் இருக்கும் தற்காலிக டிஸ்க்), ஹோம் மேலும் ஒரு டெம்ப்எஃப்எஸ் போட்டு அதற்குள் அந்த மாணவரின் டைரக்டரியை மட்டும் பைண்ட் செய்யுங்கள். தேவ், ப்ராக் இரண்டும் புதிதாக. கடைசியில் சாதாரண பாஷ். இதுதான் மாணவரின் கூண்டு. ஆம், ஆர்பாஷைக் கழற்றிவிடுங்கள், டாட் ஸ்லாஷ் ஏ டாட் அவுட் நிம்மதியாக ஓடட்டும், உங்கள் 'ரன்' ஸ்கிரிப்டும் வேண்டாம். எழுதிய கோப்பு உண்மையான ஹோமிலேயே இருக்கும், மணி அடித்ததும் நீங்கள் வெளியிலிருந்து அள்ளிக்கொள்ளலாம்.

ஒரு இடத்தில் நானே சறுக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் ஃபோர்ஸ்கமாண்ட் (லாகின் ஆனதும் கட்டாயம் ஓடும் கட்டளை) என்று இதை எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதாதீர்கள். ஃபோர்ஸ்கமாண்ட் மாணவரின் லாகின் ஷெல் வழியாகத்தான் ஓடும். அந்த ஷெல் பாஷ் என்றால், உபுண்டுவில் அது முதலில் பாஷ்ஆர்சி கோப்பைப் படித்துவிட்டுத்தான் உங்கள் கட்டளைக்கு வரும். பாஷ்ஆர்சி மாணவர் ஹோமில் இருக்கிறது. உள்ளே இருந்தபடியே அதில் ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி லாகின் ஆனால், அந்த வரி கூண்டுக்கு வெளியே ஓடும். அதற்குப் பதில் பபிள்ராப் கட்டளையை எஸ்எச் ஸ்கிரிப்டாக எழுதி, ரூட் பெயரில் வைத்து, அந்த ஸ்கிரிப்டையே லாகின் ஷெல்லாகக் கொடுங்கள். புட்டியின் ரிமோட் கமாண்ட் தந்திரமும் அதோடு செத்தது, ஸ்கிரிப்ட் எதைக் கேட்டாலும் காதில் வாங்காமல் கூண்டைத்தான் திறக்கும். எஸ்எஸ்எச்டியில் டிசேபிள்ஃபார்வர்டிங் யெஸ், பெர்மிட்யூசர்ஆர்சி நோ, இரண்டையும் போட்டுவிடுங்கள்.

தேர்வுக்குத் தனி அக்கவுண்ட், காலி ஹோம். வருடம் முழுக்க எழுதிய புரோகிராம்கள் அதே ஹோமில் இருந்தால் அப்-ஆரோ தட்டியே பாஸ் ஆகிவிடுவார்கள். ஃபோர்க் கேள்வி வரும் நாளுக்கு ப்ராசஸ் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் ஒருவர் லூப் முடியாமல் 30 பேரும் நிற்பார்கள்.

22.04 என்பதால் இது அப்படியே ஓடும். 24.04-க்கு மாறினால் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு சாதாரண யூசரின் நேம்ஸ்பேஸைத் தடுக்கும், பபிள்ராப் யூஐடி மேப்பில் பெர்மிஷன் இல்லை என்று அழும். அப்போது அதற்கு ஒரு ப்ரொஃபைல் எழுத வேண்டும். தேர்வு முடியும்வரை அப்கிரேட் பக்கம் போகாதீர்கள்.


சாக்பீஸ்தூள்:

ஓய்வுபெற்ற வாத்தியார் நான். பூட்டும் சிஸ்டம் ஃபைவ் (ஏடி அண்ட் டி-யின் பழைய யூனிக்ஸ்), திருடனின் கருவியும் சிஸ்டம் ஃபைவ் என்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டுப்பாட்டு ஷெல் அந்த யூனிக்ஸில் ஆர்எஸ்எச் என்ற பெயரில் இருந்தது. பெர்க்லிக்காரர்கள் ரிமோட் ஷெல்லுக்கும் அதே பெயரை வைத்துவிட, எச்பி-யூஎக்ஸில் ரிமோட் ஷெல்லை ரெம்எஸ்எச் என்று அழைக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பிடித்த மெசேஜ் க்யூவும் அதே சிஸ்டம் ஃபைவ் குடும்பம்தான்.

அது இருக்கட்டும். சர்வரை இவ்வளவு பாடுபட்டுப் பூட்டுகிறீர்கள், விண்டோஸ் திறந்தே கிடக்கிறதே அம்மா. புட்டியில் வலது கிளிக் செய்தால் கிளிப்போர்டில் உள்ளது அப்படியே உள்ளே விழும். அந்தக் கணினியில் நோட்பேட் இருக்கிறது, யூஎஸ்பி இருக்கிறது, லேபுக்குள் ஷேர்டு ஃபோல்டர் இருக்கும். இன்டர்நெட் கேபிளை உருவினால் ஷேர்டு ஃபோல்டர் போகாது. சுவிட்ச் வழியாக 30 கணினியும் பேசிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தால் தேர்வு நாளில் அவற்றை லினக்ஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, சர்வரின் 22-ம் போர்ட்டைத் தவிர மற்றதை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

அப்புறம் 15 பேருக்கு ஒரே கேள்வி. எங்கள் காலத்தில் சீட்டுக் குலுக்கி எடுப்போம், 30 பேருக்கு 12 கேள்வி. ஏன் விட்டீர்கள்?


லேப்மேடம்:

சார், மாடல் தேர்வு என்பதால் திருத்த எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு கேள்வியோடு விட்டேன். தப்புதான். ஷேர்டு ஃபோல்டரைப் போய்ப் பார்த்தேன், இருந்தது. அதில் யாரோ நாலு சினிமாப் படம் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கன்சோல்தாசன் சார் சொன்னபடி செய்தேன். மதியம் மூன்று மணிக்கு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ஒரே மாணவர் இரண்டு புட்டி விண்டோ திறந்து, ஒன்றில் சென்டரும் மற்றொன்றில் ரிசீவரும் ஓட்டினால் மெசேஜ் போகவில்லை. பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, இரண்டு லாகின் என்றால் இரண்டு கூண்டு. ஒரே விண்டோவில் சென்டரை ஓட்டி முடித்துவிட்டு ரிசீவரை ஓட்டினால் சரியாக வருகிறது, க்யூ கூண்டோடு உயிரோடு இருக்கிறது. இரண்டு திரை வேண்டும் என்பவர்களுக்கு உள்ளேயே, ஒரே விண்டோவைப் பல திரையாகப் பிரிக்கும் டிமக்ஸ் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சீட் 17-ஐக் கூப்பிட்டேன். மிரட்டவில்லை. எத்தனை காப்பி அனுப்பினாய் என்று மட்டும் கேட்டேன். ஏழு. ஏன் ஏழு? "ஒருத்தர் ரிசீவ் பண்ணா மெசேஜ் க்யூவை விட்டுப் போயிடும் மேடம், ஆளுக்கு ஒண்ணு போடணும்." முழு மார்க் வைவா. வாங்கிய ஆறு பேரையும் கேட்டேன். டைம் குவாண்டம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு பேர்தான் வாய் திறந்தார்கள். 15 பேருக்கும் வியாழக்கிழமை மறுதேர்வு, சீட்டுக் குலுக்கல்.

எடுக்கப்படாமல் கிடந்த ஏழாவது காப்பி யாருக்கானது என்பதுதான் எனக்கு மண்டையைக் குடைந்தது. சீட் 5. அவனும் ரிசீவர் எழுதியிருக்கிறான். மெசேஜ் டைப் 1 என்று போட வேண்டிய இடத்தில் 2 என்று போட்டுவிட்டான். டைப் 2-ல் எதுவும் வராததால் புரோகிராம் அப்படியே காத்துக்கொண்டு நின்றிருக்கிறது, எர்ரர் கூடக் காட்டாமல். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கன்ட்ரோல் சி அடித்து, ரவுண்ட் ராபினைத் தானே எழுதியிருக்கிறான். அவன் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெயிட்டிங் ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கிறது.